களத்தில் இயற்கை வரைதல்

களத்தில் இயற்கை வரைதல் என்பது கடற்கரை, கழிமுகம், ஏரி, பாறைக்குன்று போன்ற இடங்களுக்கு நேரில் போய், அங்குள்ள நிலக்காட்சியையும் காட்டுப்பூக்களையும் பறவைகளையும் பார்த்தபடியே தாளில் கோடாகவும் வண்ணமாகவும் பதிவு செய்யும் கலை. ஓவியக் கல்லூரி மாணவர்கள் இதை ‘அவுட்டோர்’ என்றும் ‘ஸ்பாட் பெயின்டிங்’ என்றும் சொல்வார்கள். நிழற்படத்தைப் பார்த்து வீட்டில் தீட்டுவது இதில் சேராது.

களத்தில் வரைந்த தாளுக்குக் கலை மதிப்போடு சான்று மதிப்பும் உண்டு. அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்து வைத்த பறவைத் தோலில் இறகின் அளவு இருக்கும். அது எப்படி நின்றது, எந்தப் புல்லில் ஒதுங்கியது, உயிரோடு இருந்தபோது அலகும் காலும் கண்வளையமும் என்ன நிறம் என்பவை இருக்கா. இறந்த சில மணி நேரத்தில் மங்கிவிடும் நிறங்கள் அவை. பாடம் செய்து ஒட்டிய செடியிலும் பூவின் நிறம் பழுப்பாகிப் போகும். இவற்றைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் வரைந்தவர்களே. தென்னிந்தியாவில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர்கள் பெரும்பாலும் பெயர் பதிவாகாத தெலுங்கு ஓவியர்களும் ஓவியத்தைத் தொழிலாகக் கொள்ளாத சில பெண்களும் என்பது இந்தக் கலையின் வரலாற்றில் முதலில் சொல்ல வேண்டிய செய்தி.

முன்வரலாறு

தமிழில் நிலத்தைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் படத்துக்கு முன்பே பாட்டில் வந்துவிட்டது. நெய்தல் திணையைப் பாடியவர்கள் அடும்பு, தாழை, புன்னை, ஞாழல், கழிமுள்ளி என்று கரையோரச் செடிகளைப் பெயர் சொல்லி வைத்தார்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்குகிறது. கோயில் சுவரிலும் கலம்காரித் துணியிலும் பூவும் கிளியும் அன்னமும் ஏராளம். ஆனால் அவை வழிவழி வந்த வடிவங்கள். இன்ன இடத்தில், இன்ன நாளில் கண்ட இந்த ஒரு பறவை என்று சொல்லும் படம் வேறு வகை.

அந்த வகை இந்தியாவில் முகலாய அரசவையில் தெளிவாகத் தெரிகிறது. ஜஹாங்கீரின் ஓவியர் மன்சூர் 1620இல் மன்னரோடு காஷ்மீர் போனபோது நூற்றுக்கு மேற்பட்ட பூக்களை வரைந்ததாக மன்னரே தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவற்றில் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன.

சோழமண்டலக் கரையை நிலக்காட்சியாக உலகுக்குக் காட்டியவர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியலும். 1792, 1793 ஆண்டுகளில் தெற்கே சுற்றிய இருவரும் இருட்டுப்பெட்டிக் கருவியின் உதவியால் காட்சியின் அளவுகளைத் தாளில் பிடித்தார்கள். பிறகு லண்டனில் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட ‘ஓரியன்டல் சீனரி’ தொகுப்பின் 144 படங்களில் மாமல்லபுரமும் இடம்பெற்றது. வில்லியமின் தம்பி சாமுவேல் டேனியல் இலங்கையில் தங்கிக் காட்டு விலங்குகளையும் நிலக்காட்சிகளையும் வரைந்து, 1811இல் அங்கேயே காலமானார்.

மதராஸில் இரு சகோதரிகள்

கரையோர நிலம், பூ, பறவை மூன்றும் ஒரே வீட்டில் வரையப்பட்டதற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் சிறந்த எடுத்துக்காட்டு எலிசபெத் கில்லிமும் அவருடைய தங்கை மேரி சைமண்ட்ஸும். இங்கிலாந்தின் ஹெரஃபோர்டில் 1763இல் பிறந்த எலிசபெத், மதராஸில் புதிதாக அமைந்த சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதியாக நியமனம் பெற்ற கணவர் ஹென்றி கில்லிமுடன் 1801இல் கப்பலேறி வந்தார். மேரியும் கூட வந்தார். நீதிபதி வீட்டுப் பெண்களுக்கு விருந்துகளிலேயே பொழுது போய்விடக்கூடிய ஊர் அது. இவர்களோ செடி சேர்த்தார்கள், பறவை வரைந்தார்கள், தாய்க்கும் சகோதரிக்கும் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினார்கள். எலிசபெத் தெலுங்கும் கற்றுக்கொண்டார். அக்கடிதங்கள் நான்கு தொகுதிகளாக இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

மேரியின் கை நிலக்காட்சியிலும் மனித உருவங்களிலும் ஓடியது. பறவை எலிசபெத்தின் துறை. அவர் வரைந்த 121 பறவைப் படங்கள் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. தாளில் இடமிருந்தால் பறவையை அதன் உண்மை அளவிலேயே வரைவது அவர் வழக்கம். அதற்காகவே சில தாள்கள் மேசையகலம் இருக்கின்றன. பறவையை உண்மை அளவில் அச்சிட்டுப் புகழ்பெற்ற ஆடுபானின் அமெரிக்கப் பறவைகள் நூல் வெளிவரத் தொடங்கியது 1827இல். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே மதராஸில் இந்த வேலை நடந்து முடிந்திருந்தது.

வேலை எளிதாக இருக்கவில்லை. பறவை பிடிப்பவர்கள் உயிரோடு கொண்டுவந்து கொடுத்த பறவைகள் முறைத்ததும், உதைத்ததும், கொத்தியதும் கடிதங்களில் வருகின்றன. பயந்துபோன பறவை இரையெடுக்காது. நெடுநேரம் வைத்திருந்தால் செத்துவிடும். செத்த பறவையோ மதராஸ் வெயிலில் படம் முடியும் முன்பே நாறத் தொடங்கும். ஆகவே கை விரைந்தது. கண்டிப்பாகப் பார்த்தால் இது திறந்தவெளியில் செய்த வேலை இல்லை; ஆனாலும் பறவை உயிரோடு எதிரில் நிற்க, அதன் கால் நிறமும் கண் நிறமும் மாறுவதற்குள் எழுதியது என்பதால் களவரைவின் குணம் இதில் முழுமையாக உண்டு. இறகுகளின் அடுக்கில் அவர் காட்டிய துல்லியத்தைப் பறவையியலாளர்கள் இன்றும் பாராட்டுகிறார்கள்.

செடிகளில் எலிசபெத்துக்குத் துணை நின்றவர்களில் ஒருவர் தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த யோகான் பீட்டர் ராட்லர். தமிழ் – ஆங்கில அகராதி தொகுத்ததால் நம்மவர்க்கு அறிமுகமான அதே ராட்லர்தான். மக்னோலியாச் செடி ஒன்றுக்கு அவர் ‘கில்லிமியா’ என்று எலிசபெத்தின் பெயரைச் சூட்டினார். மக்னோலியாப் பேரினத்தின் ஒரு பிரிவுக்கு அப்பெயர் இன்றும் வழங்குகிறது.

1807 டிசம்பரில் எலிசபெத் மதராஸிலேயே இறந்தார். புனித ஜார்ஜ் கோட்டையின் செயின்ட் மேரி தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். படங்கள் இங்கிலாந்து போய், யாருடையவை என்றே தெரியாமல் நூறாண்டுக்கு மேல் கிடந்தன. கண் மருத்துவரும் பறவை நூல் சேகரிப்பாளருமான கேசி உட் 1920களில் லண்டனில் அவற்றைக் கண்டெடுத்து வாங்கினார். 1925இல் பறவையியல் ஆய்விதழான ‘ஐபிஸ்’ஸில் எலிசபெத்தைப் பற்றி எழுதினார். அவர் அன்று வாங்காமல் போயிருந்தால், 1800களின் தொடக்கத்தில் மதராஸைச் சுற்றி என்னென்ன பறவைகள் இருந்தன என்பதற்கான மிக நல்ல சான்று நம் கையைவிட்டுப் போயிருக்கும்.

தெலுங்கு ஓவியர்கள்

கோதாவரிக் கரையை அடுத்த சாமல்கோட்டையில் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், 1780களில் உள்ளூர் ஓவியர்களை அமர்த்திச் சுற்றுவட்டாரச் செடிகளை வரையச் செய்தார். அவற்றிலிருந்து தேர்ந்த 300 படங்கள் ‘சோழமண்டலக் கரையின் செடிகள்’ என்ற பொருள்படும் பெயரில் மூன்று பெருந்தொகுதிகளாக 1795 முதல் 1820 வரை லண்டனில் வந்தன. இலையின் முன்புறம், பின்புறம், வெட்டிய காய், பிரித்த பூவின் உறுப்புகள் என்று ஒரே தாளில் அடங்கிய அந்தப் படங்கள் தாவரவியலின் அடிப்படை ஆவணங்கள். வரைந்தவர்களின் பெயரை ராக்ஸ்பர்க் எழுதி வைக்கவில்லை. இது பெரிய இழப்பு.

அந்தக் குறையை ஓரளவு நேர்செய்தவர் ராபர்ட் வைட். மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய இந்தத் தாவரவியலாளரிடம் முதலில் ரங்கையாவும் பின்பு கோவிந்துவும் ஓவியர்களாக இருந்தார்கள். இருவரும் தெலுங்கர்கள். 1838 முதல் 1853 வரை வெளிவந்த வைட்டின் ‘ஐகோன்ஸ்’ தொகுதிகளில் 2,100க்கு மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றில் பல தாள்களின் அடியில் ஓவியர் பெயரும் அச்சாகியிருக்கிறது. 1853இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் ‘கோவிந்துயா’ என்றே பெயர் வைத்தார். அது பின்னாளில் வேறொரு பேரினத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனாலும் இந்திய ஓவியர் ஒருவருக்குத் தாவரவியல் செய்த அபூர்வமான மரியாதை அது. மூல ஓவியங்களில் நூற்றுக்கணக்கானவை எடின்பரோ தாவரவியல் பூங்காவில் பாதுகாக்கப்படுகின்றன. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் அரண்மனையில் எழுதிய விலங்கு, பறவை ஓவியங்களும் இதே காலத்தவை.

லியர், நார்த், கிருஷ்ணன்

எட்வர்ட் லியர் இருபது வயதுக்குள் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரைந்து பெயர் வாங்கியவர். பிற்காலத்தில் நிலக்காட்சிக்கு மாறி, 1873 நவம்பர் முதல் 1875 ஜனவரி வரை இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றினார். மாமல்லபுரமும் காஞ்சிபுரமும் திருச்சியும் அவர் தாள்களில் உண்டு. நின்ற இடத்தில் பென்சிலால் விரைந்து வரைவார். வண்ணங்களைச் சொற்களாகப் படத்தின் மேலேயே எழுதிக்கொள்வார். ஊர், தேதி, மணி மூன்றையும் குறிப்பார். மையும் வண்ணமும் பிறகு ஏறும். களத்தில் வரையப் பழகுகிறவர்கள் முதலில் பின்பற்ற வேண்டிய முறை இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

மேரியான் நார்த் 1876, 1877இல் இலங்கையிலும் அதன்பின் இந்தியாவிலும் செடிகளை அவை வளரும் இடத்திலேயே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். பூவுக்குப் பின்னால் மலை, ஆறு, வானம் எல்லாம் வரும். லண்டன் கியூ பூங்காவில் 1882இல் திறந்த அவரது காட்சிக்கூடத்தில் எண்ணூறுக்கு மேற்பட்ட ஓவியங்கள் சுவர் தெரியாமல் மாட்டப்பட்டுள்ளன. இலங்கையில் பிறந்து கொழும்பு அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி, தானே வரைந்த படங்களோடு எழுதிய இலங்கைப் பறவைக் கையேடு 1955இல் வந்தது.

தமிழ்நாட்டில் இந்த மரபை இதழியலுக்குள் கொண்டுவந்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் இறக்கும்வரை எழுதிய இயற்கைப் பத்திக்குத் தானே கோட்டுப்படம் வரைந்தார். காக்கை, மைனா, அணில், ஓணான் போன்ற அன்றாட உயிர்கள் அவருடைய பேனாவில் தனித்தனி குணத்தோடு வந்தன. புகைப்படக் கலைஞராகவே அவரைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். படமெடுப்பதற்கு முன்பே வரைந்து பழகிய கண் அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பறவைக்கும் பூவுக்கும் அப்பால், நேரில் நின்று வரைவதைத் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கியவர் ஆனந்த விகடனின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடரில் கோயில் சிற்பங்களை வரைந்த சில்பி. மதுரைக் காட்சிகளை நுண்ணிய பேனாக் கோடுகளில் தந்த மனோகர் தேவதாஸ், பார்வை குறைந்துகொண்டே போன ஆண்டுகளிலும் வரைவதை விடவில்லை. கே. சி. எஸ். பணிக்கரின் தொடக்ககால நீர்வண்ண ஓவியங்கள் தென்னையும் கால்வாயுமாகத் திறந்தவெளியில் விளைந்தவை. 1966இல் அவர் முன்னின்று ஈஞ்சம்பாக்கத்தில் கடலை ஒட்டி அமைத்த சோழமண்டல ஓவியர் கிராமம் இன்றும் இயங்குகிறது.

2007இல் சியாட்டில் நகரப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ இயக்கம், நேரில் பார்த்துத்தான் வரைய வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்தது. அதன் பிறகு இந்திய நகரங்களிலும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடி வரையும் குழுக்கள் பெருகின.

கரையை வரைதல்

கருவிகள் சொற்பமே போதும். 2பி, 4பி பென்சில், நீரில் கரையாத மைப்பேனா, கேம்லின் போன்ற நிறுவனத்தின் நீர்வண்ணக் கேக் பெட்டி, சற்றுத் தடித்த தாள் (300 ஜி.எஸ்.எம். என்றால் நீர் பட்டால் சுருளாது), காற்றுக்குத் தாளைப் பிடிக்க இரண்டு கிளிப், மடக்கு ஸ்டூல். தொப்பியும் குடிநீரும் கலைப்பொருள்களில் சேராவிட்டாலும் அவை இல்லாமல் எந்தப் படமும் முடியாது.

கரையில் முதல் கோடு தொடுவானம். அது எப்போதும் வரைபவரின் கண்மட்டத்தில் நிற்கும். மணலில் உட்கார்ந்தால் தொடுவானம் கீழிறங்கி, கரையில் ஏற்றிய படகின் முனை அதை வெட்டிக்கொண்டு மேலே போகும். எழுந்து நின்றால் படகு கடலுக்குள் அடங்கிவிடும். இதைக் கவனிக்காமல் உட்கார்ந்து பாதியும் நின்று பாதியும் வரைந்தால் படகு காற்றில் மிதக்கும்.

கிழக்குக் கரையில் காலையில் சூரியன் கடலுக்கு மேல் இருக்கிறது. தண்ணீர் வெள்ளித்தகடாகக் கூசும், படகும் ஆளும் கரிய நிழலுருவாகத் தெரியும். கோட்டுப்படத்துக்கும் மைக்கும் ஏற்ற நேரம். கடலின் நீலமும் பச்சையும் வேண்டுமென்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் போகும் பிற்பகலில்தான் உட்கார வேண்டும். கேரளக் கரையில் இது தலைகீழ். மணலுக்குத் தனி நிறம் தேடத் தேவையில்லை. தாளின் வெண்மையோடு மஞ்சள் காவியை நீர்க்கக் கலந்து விட்டு, ஈரமணல் வரும் இடத்தில் அதையே இரண்டாம் முறை பூசினால் போதும். அலையைத் துரத்த வேண்டாம். அது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. சுருண்டு விழும் அந்த ஒரு கணத்தை மட்டும் பல அலைகளில் பார்த்து ஒரு கோட்டில் சேர்க்கலாம்.

காற்றின் ஈரம் நீர்வண்ணத்தை ஆட்டிவைக்கும். சென்னைக் கடற்கரையில் பூசிய வண்ணம் காய நெடுநேரம் ஆகும். அடுத்த நிறம் பட்டால் ஓடிக் கலக்கும். ஹைதராபாதின் ஏப்ரல் வெயிலில் பூசியது நொடியில் உலர்ந்து ஓரத்தில் கோடு விழும். அங்கே தாளை முன்கூட்டியே நனைத்துக்கொள்வது வழக்கம்.

பூவும் பறவையும்

மணல்மேட்டில் படரும் அடும்பின் ஊதாப் பூ காலையில் விரிந்து பிற்பகலில் வாடிவிடும். மான்குளம்பு போல் பிளந்த இலையோ எங்கும் போகாது. எனவே பூ முதலில், இலை பிறகு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளை ஒரே நாளில் வரைந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். இதழ்கள் பச்சை கலந்த மஞ்சளாகத் தொடங்கி, ஆரஞ்சாகி, சில நாளில் முழுச் சிவப்பாகும். சூல்தண்டு பூவின் அடியில் செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகும். இந்த மூன்றையும் விட்டுவிட்ட காந்தள் படங்கள் அட்டைகளிலும் காலண்டர்களிலும் ஏராளம். நேரில் பார்த்து வரைந்தவர்கள் அவற்றை விடமாட்டார்கள்.

பறவைக்கு வெளிக்கோடு போட்டால் அது முடிவதற்குள் பறவை போய்விடும். உடலின் சாய்வைக் காட்டும் ஒற்றைக் கோடு, அதன்மேல் உடலுக்கும் தலைக்குமாக இரண்டு முட்டை வடிவங்கள், பிறகு அலகின் திசை. இப்படி ஒரே தாளில் நாலைந்து நிலைகளைத் தொடங்கி வைத்துவிட வேண்டும். பறவைக்குப் பழகிய நிலைகள் சிலவே உண்டு. மறுபடி அதே நிலைக்கு வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது குளத்துக்கொக்கு. கழுத்தை உள்ளிழுத்து மண்நிறத்தில் அசையாமல் நிற்கும், ஆளை அருகே விடும். பறந்தவுடன் சிறகெல்லாம் வெள்ளையாக மாறுவதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். கழிமுகத்து உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஓடிக்கொண்டே இருப்பவை. அவை வலசை வந்து தங்கும் மழைக்கால இறுதியிலும் பனிக்காலத்திலும் பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் கூட்டமாக வரைந்து பழகலாம். இரண்டும் சரணாலயங்கள் என்பதால் வனத்துறையின் நேரக் கட்டுப்பாடுகளும் அனுமதியும் உண்டு.

வரைவதற்காகப் பூவைப் பறிப்பதும் கூட்டை நெருங்குவதும் கூடாது. தரையில் முட்டையிடும் ஆட்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால், நிற்கும் இடம் அதன் கூட்டுக்குப் பக்கம் என்று பொருள். ஸ்டூலை மடக்கிக்கொண்டு அப்பால் போய்விட வேண்டும்.

குகட்பள்ளி

களத்தில் வரையக் கடல் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஹைதராபாதின் வடமேற்கில் உள்ள குகட்பள்ளிக்கும் கடலுக்கும் வெகுதூரம். இங்கே கரை என்றால் ஏரிக்கரை. தனி நகராட்சியாக இருந்து 2007இல் மாநகராட்சியோடு இணைந்த இந்தப் பகுதி, ஹவுசிங் போர்டு காலனியாலும் ஜவஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாலும் நெரிசலான சந்தையாலும் அறியப்படுவது. ஆனால் தக்காணத்தின் பழைய ஏரி அமைப்பு இன்னும் இங்கே துண்டு துண்டாக உயிரோடு இருக்கிறது. வெடிபொருள் ஆலையின் பெயரால் ஐ.டி.எல். ஏரி என்று வழங்கும் ரங்கதாமுனி செருவு, நல்ல செருவு, பிரகதி நகரின் அம்பீர் செருவு ஆகியவை தெரிந்தவை. குகட்பள்ளி நாலா என்னும் ஓடை ஹுசேன் சாகர் ஏரியில் போய்ச் சேர்கிறது. கழிவுநீரும் ஆக்கிரமிப்பும் இந்த நீர்நிலைகளை வெகுவாகக் கெடுத்துவிட்டன. நல்ல செருவில் 2024 செப்டம்பரில் ‘ஹைட்ரா’ என்ற அரசு அமைப்பு ஆக்கிரமிப்புகளை அகற்றியது. அதன்பின் மீட்புப் பணிகளும் தொடங்கின.

கெட்டுப்போன ஏரியிலும் வரைய நிறைய இருக்கிறது. சம்புப் புதரோரம் தாழைக்கோழி, ஆகாயத்தாமரை மேல் நீண்ட விரல்களை அகல வைத்து நடக்கும் இலைக்கோழி, திறந்த நீரில் முக்குளிப்பான், கரையில் உண்ணிக்கொக்கு, மதகுச் சுவரில் மீன்கொத்தி ஆகியவை இந்த வட்டார ஏரிகளின் வழக்கமான பறவைகள். மியாப்பூரைத் தாண்டியுள்ள அமீன்பூர் ஏரியை 2016 நவம்பரில் அரசு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. நகரை ஒட்டிய ஒரு நீர்நிலை இந்தத் தகுதியைப் பெற்றது இந்தியாவில் அதுவே முதல் முறை. 1980இல் தொடங்கிய பறவை நோக்கர் சங்கம் இன்று ‘டெக்கான் பேர்டர்ஸ்’ என்ற பெயரில் இயங்குகிறது. சாலிம் அலி 1931, 1932இல் அன்றைய நிஜாம் அரசின் நிலப்பரப்பு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். அது பெரும்பாலும் தோல் சேகரிப்பு; இந்த ஏரிகளின் முகம் அதில் இல்லை.

தெலங்கானாவின் மாநிலப் பறவை பாலபிட்ட, நம் பனங்காடை. தந்திக்கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது தவிட்டு நிறத்தில் மந்தமாகத் தெரியும். பறக்கும்போதுதான் சிறகில் இரண்டு வகை நீலம் பட்டை பட்டையாக விரியும். ஆகவே உட்கார்ந்த நிலை ஒன்றும் சிறகு விரித்த குறிப்பு ஒன்றுமாக இரண்டு படம் இல்லாமல் பனங்காடை முழுமையாகாது. தசரா அன்று இதைப் பார்ப்பது நல்ல சகுனம் என்ற நம்பிக்கையால் சிலர் பிடித்துக் கூண்டில் வைத்துக் காட்டுகிறார்கள். அது சட்டப்படி குற்றம். கூண்டில் வைத்த பறவையை வரைவதும் அந்தக் கொடுமைக்குத் துணைபோவதுதான்.

காட்டுப்பூவுக்கு ஏற்ற காலம் பதுக்கம்மா பண்டிகைக்காலமான புரட்டாசி, ஐப்பசி. மழைக்குப் பின் தரிசு நிலமெல்லாம் குனுகுப் பூ வெள்ளிக்கதிராக நிற்கும். நம் ஊரில் பண்ணைக்கீரை என்பது அதுவே. மாநில மலரான தங்கேடு நம் ஆவாரை. பெண்கள் இவற்றை அடுக்கிப் பூக்கோபுரம் செய்து, சுற்றி ஆடிப்பாடி, ஒன்பதாம் நாள் ஏரியில் விடுவார்கள். ஆவாரையை வரைய உட்காருபவர் மஞ்சள் இதழோடு நின்றுவிடக் கூடாது. காம்பு தண்டைச் சேரும் இடத்தில் காது போல அகன்ற சிறு இலைச் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஆவாரையையும் அதைப் போன்ற பிற மஞ்சள் பூச்செடிகளையும் பிரித்தறிய அதுவே அடையாளம். மகரந்தத் தாள்கள் பத்து. அவற்றில் கீழ்ப்பக்கத்தவை நீண்டு வளைந்திருக்கும், மேல்பக்கத்தவை வளர்ச்சி குன்றியிருக்கும்.

நிலக்காட்சியில் குகட்பள்ளியைச் சுற்றிய தக்காணத்துக்கென்றே உள்ள செல்வம் பாறை. சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள கருங்கல், ஒன்றின்மேல் ஒன்று விழாமல் நிற்கும் உருண்டைகளாகச் சிதைந்திருக்கிறது. காலைச் சாய்வெயிலில் ஒருபக்கம் இளஞ்சிவப்பும் மறுபக்கம் சாம்பல்நீலமுமாக வரும் இந்தக் கற்களை வரைய வெளிச்சத்தையும் நிழலையும் இரண்டே பூச்சில் பிரித்தால் போதும். கட்டடங்களுக்காக உடைபடும் இவற்றைக் காக்க 1996 முதல் ஹைதராபாதில் தனிச் சங்கமே இயங்குகிறது.

மதராஸின் பறவைகளுக்கு ஒரு எலிசபெத் கில்லிம் கிடைத்தார். நீலகிரி, கோவைச் செடிகளுக்கு ரங்கையாவும் கோவிந்துவும் கிடைத்தார்கள். குகட்பள்ளியின் ஏரிகளுக்கு அப்படி ஒரு படத்தொகுப்பு தேவைப்படுகிறது. ஏரியின் நீர்மட்டமும் கரையும் செடிகளும் கண்முன்னே மாறிவரும் இந்த ஆண்டுகளில் அதற்கான வேலையை ஒரு பள்ளி மாணவர்கூடத் தொடங்கலாம். அங்கு வசிக்கும் தமிழ் வாசகர்கள் வரையப் போனால், ஒவ்வொரு தாளிலும் ஏரியின் பெயர், எந்தக் கரை, தேதி, நேரம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பூவுக்கும் பறவைக்கும் தெலுங்குக்காரர்கள் சொல்லும் பெயரைக் கேட்டுச் சேருங்கள். கடைசியாக, வரைந்தவர் பெயரையும் எழுதிவிடுங்கள்.